சுருளிலக்கணம்

மெத்தைச் சுருளும் கதவின் சுருளும்
பொம்மைச் சுருளும் பேனாச் சுருளுமென
நான்கே வகையாம் வீட்டுச் சுருளே.

சூத்திரம் செய்தவனும் நானே, உரைகாரனும் நானே. ஆகவே பாடபேதம் இல்லை.

இது என்னுதலிற்றோ எனின், வீட்டிலேயே ஸ்பிரிங் ரிவெர்ப் செய்யப் புகுந்தவர் கண்ணில் படும் கம்பிச் சுருள்களைப் பகுத்து உணர்த்துதல் நுதலிற்று. எக்கோ வேறு, ரிவெர்ப் வேறு. மலையடிவாரத்தில் கூவினால் கூவியது தனியே திரும்பி வருவது எக்கோ. காலியான கல்யாண மண்டபத்தில் கைதட்டினால் ஓசை இழுத்துக்கொண்டே போய்த் தேய்வது ரிவெர்ப். மைக்செட்காரர்கள் இரண்டையும் எக்கோ என்பார்கள். அது வழக்கு, வழூஉ அன்று.

மண்டபம் எல்லார் வீட்டிலும் இராது. 1935இல் ஹாமண்ட் ஆர்கன் விற்பனைக்கு வந்தபோது அமெரிக்க வீடுகளுக்கும் இதே தொல்லைதான். தேவாலயத்தில் முழங்க வேண்டிய கருவி கூடத்தில் வறண்டு ஒலித்தது. ஹாமண்ட் நிறுவனம் கைக்கொண்ட மருந்து ஸ்பிரிங். ஒரு முனையில் கம்பிச்சுற்றும் சிறு காந்தமும் ஓசையை முறுக்கலாக மாற்றி ஏற்றும். முறுக்கல் சுருள்வழி ஓடி மறுமுனையைத் தொட்டு, அங்கே ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு, மீதியோடு திரும்பி ஓடி வரும். வழக்கமான நீளப் பெட்டியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 33 முதல் 41 மில்லிசெகண்ட். இரண்டு மூன்று ஸ்பிரிங்குகளை வெவ்வேறு கால அளவில் வைப்பது ஒன்றன் இடைவெளியை மற்றது நிரப்புவதற்காக. 1961இல் ஃபெண்டர் நிறுவனம் இதைத் தனிப்பெட்டியாக்கிக் கிதார்காரர் கையில் கொடுத்தது.

இனி வகை. மெத்தைச் சுருள் ஆளைத் தாங்கப் பிறந்தது. சின்ன ஸ்பீக்கரின் உதறலுக்கெல்லாம் அது அசையாது. பேனாச் சுருளில் ஓசை நுழையுமுன்பே வெளியேறிவிடும். பத்தைக் கோத்தால் நீளுமே என்பாரும் உளர். வீட்டில் பத்துப் பேனா எழுதாமல் போனதே அதனால் கண்ட பயன். கதவுச் சுருள் நடுத்தரம். கொசுவலைக் கதவை இழுத்து மூடும் அந்த நீள ஸ்பிரிங்கின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அவை விலகும்வரை இழுத்துக் கட்டினால்தான் வாய் திறக்கும். தலையாயது பொம்மைச் சுருள், அதாவது படிக்கட்டில் தானே இறங்கும் ஸ்லிங்கி. உலோகத்தாலானதையே கொள்க. திருவிழாக் கடையின் வானவில் நிறப் பிளாஸ்டிக் சுருள் ஓசையை விழுங்கிவிடும், அது சுருட்போலி.

சேர்மானம் எளிது. எல்எம்386 ஆம்ப்ளிஃபையர் சில்லு ஒன்று, அது ஓட்டும் சின்ன ஸ்பீக்கர் ஒன்று. ஸ்பீக்கர் கூம்பின் நடுவில் கொக்கியை ஒட்டிச் சுருளின் ஒரு முனையை மாட்டுக. மறுமுனையில் அதிர்வை மின்னாக்கும் பீசோ தகடு. தகட்டை ஒரு மெகா ஓம் அளவு இன்புட் உள்ள ஆம்ப்ளிஃபையரில் சேர்க்காவிட்டால் அடிக்குரல் காணாமல் போகும்.

இனி ஓசைவகை. தகடு பவர் டிரான்ஸ்ஃபார்மரின் பக்கத்தில் இருந்தால் வருவது ஹம். ஸ்பீக்கர் போட்டதை ஸ்பிரிங்கே மறுபடி கேட்டுவிட்டால் வருவது ஊளை. இரண்டும் களையத்தக்கன. மூன்றாவது ‘ட்யொய்ங்’. சுருளில் ஒவ்வோர் அலைவெண்ணும் ஒவ்வொரு வேகத்தில் ஓடுவதால், ஒன்றாகப் புறப்பட்ட ஓசை சிதறி வந்து சேர்கிறது. எந்த மண்டபத்திலும் இந்த ஓசை கிடையாது. ஆக, மண்டபத்தின் நகல் என்ற அளவில் ஸ்பிரிங் தோற்ற கருவிதான். முதலில் நானும் பஞ்சு வைத்து இதை அடக்கப் பார்த்தேன். ட்யொய்ங் போனது, கூடவே ரிவெர்பும் போனது. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் கிங் டப்பி போன்ற ஒலிப்பொறியாளர்கள் அதை அடக்காமல் அவிழ்த்துவிட்டதால்தான் டப் இசைக்கு அந்தக் குரல் வாய்த்தது. பெட்டியைத் தட்டி இடியோசை எடுப்பதும் அந்த மரபில் உண்டு.

புறனடை: நான்கே என்றதில் ஏகாரம் தேற்றம். ஆயினும் ஐந்தாவது ஒன்று உண்டு. அது காசு கொடுத்து வாங்கும் ஆயத்தப் பெட்டி. நன்றாகவே ஒலிக்கும், ஆதலால் இந்நூலின் எல்லைக்குள் வாராது.

கதவுச் சுருளில் கைவைக்கப் போகிறவர்கள் முதலில் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எங்கள் கொசுவலைக் கதவை இப்போது இழுத்து மூடுவது வெட்டிய சைக்கிள் டியூப்.