பீரும் பீரும்

கேள்வி: மது ஆலையில் பங்கு வைத்திருக்கும் அரசியல்வாதி, மதுக்கடை உரிமச் சட்டத்துக்கு ஓட்டுப் போடலாமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: கூடவே கூடாது. இங்கிலாந்துக்கு இது 1828லேயே புரிந்துவிட்டது. பீர் காய்ச்சுபவரோ சாராயம் வடிப்பவரோ நீதிபதியாக உட்கார்ந்து மதுக்கடை உரிமம் கொடுக்க முடியாது என்று அந்த ஆண்டே சட்டம் போட்டார்கள். ஆனால் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபைக்கு அந்தப் பூட்டு இல்லை. பாஸ், கின்னஸ், ஆல்சாப் என்று பீர் ஆலைக் குடும்பத்தார் பிரபுப் பட்டம் வாங்கி உள்ளே போனார்கள். பிரபுவுக்கு ஆங்கிலத்தில் 'பீர்', பானமும் 'பீர்'. தமிழில் எழுதினால் வித்தியாசம் தெரியாது. அங்கேயும் தெரியாமல் போனது!

1908இல் லிபரல் கட்சி அரசு, 14 ஆண்டுகளில் சுமார் 30,000 மதுக்கடைகளைக் குறைக்க மசோதா கொண்டுவந்தது. கீழவையான காமன்ஸ் சபை நிறைவேற்றியதை, பிரபுக்கள் 272க்கு 96 என்று கவிழ்த்தார்கள். எதிர்த்த எல்லோரும் ஆலை முதலாளிகள் அல்ல. கட்சிப் பகையும் இருந்தது. ஆனாலும், சம்பள நாளில் புருஷன் காசோடு வீடு திரும்புவானா என்று வாசலில் நிற்கிற பெண், பங்குப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கை தூக்குகிறவரை எப்படி நம்புவாள்? பங்கை விற்றுவிட்டு வரட்டும். முடியாதென்றால், வாக்கெடுப்பு முடியும்வரை சபைக்கு வெளியே நிற்கட்டும்.