நூறு கட்டத்தில் ஒரு குயா

யார் ஜெயிப்பார்கள் என்று குயாவிடம் கேட்டுவிடக் கூடாது. சொல்லிவிடுவார். சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் பிடிக்கும். அதற்குள் பாதி ஆட்டம் ஓடியிருக்கும். அப்போதும் தாம் சொன்னது முன்கூட்டியே சொன்னது என்றுதான் கணக்கு வைத்துக்கொள்வார்.

பிலிப்பைன்ஸில் மூத்த ஆண் எவரையும் 'குயா' என்றுதான் அழைப்பார்கள், நாம் அண்ணன் என்பதுபோல. ஆனால் மணிலாவின் ஒவ்வொரு சந்திலும் பெயரே தேவைப்படாத குயா ஒருவர் இருப்பார். ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்த லேக்கர்ஸ் கூடைப்பந்து அணியின் பனியன், ரப்பர் செருப்பு, காதில் பென்சில். காலையில் டிரைசைக்கிள் ஓட்டுவார். பள்ளிக்கூடச் சவாரி முடிந்ததும் வண்டியைச் சந்து முனையில் போட்டுவிட்டு, சாரி-சாரி என்கிற சில்லறைக் கடையின் பெஞ்சில் வந்து அமர்வார். அங்கிருந்து அவரைக் கிளப்ப வேண்டுமானால் சவாரிக்காரர் குரல் கொடுத்தால் போதாது, தோளைத் தொட்டு உலுக்க வேண்டும்.

இந்த நாட்டில் கூடைப்பந்து விளையாடத் திடல் வேண்டாம். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு கம்பம், அதில் ஒட்டுப்பலகை, கம்பியை வளைத்துச் செய்த வளையம். செருப்புக் காலோடு ஆடுவார்கள், மழையிலும் ஆடுவார்கள். அமெரிக்கர்கள் ஆள வந்தபோது கொண்டுவந்த ஆட்டம் இது. அவர்கள் போய்விட்டார்கள், ஆட்டம் தங்கிவிட்டது. 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடம். 1954-இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகப் போட்டியில் வெண்கலம். உலகப் போட்டியில் ஆசிய நாடு எதுவும் அதற்கு மேல் போனதில்லை. 1954-இல் குயா பிறக்கவே இல்லை. ஆனாலும் அந்த அணியின் கார்லோஸ் லொய்சாகாவைப் பற்றிப் பேசும்போது, பந்தை அவர் கைக்குத் தள்ளிவிட்டதே தாம்தான் என்கிற பாவனை இருக்கும்.

அப்படிப்பட்ட ஊருக்கு 45 ஆண்டு கழித்து உலகக் கோப்பை திரும்பி வந்தது 2023-இல். 32 அணிகள், மணிலா, ஜப்பானின் ஒகினாவா, இந்தோனேசியாவின் ஜகார்த்தா என்று மூன்று இடங்கள். ஆகஸ்ட் 25 அன்று புலகான் மாகாணத்தில் உள்ள பிலிப்பைன் அரேனாவில் பிலிப்பைன்ஸ் அணியான கிலாஸின் முதல் ஆட்டத்துக்கு 38,115 பேர் கூடினார்கள். உலகக் கோப்பை வரலாற்றிலேயே அதுதான் பெருங்கூட்டம். அந்தக் கூட்டத்தில் குயா இல்லை. ஒரு டிக்கெட் விலையை இருபதால் வகுத்துப் பார்த்தார், போகவில்லை. ஏன் இருபதால் என்பது பின்னால் வருகிறது.

முதலில் அவருடைய பாடம். போட்டி தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே பெஞ்சில் வகுப்பு நடந்தது. மாணவர்கள்: சவாரி இல்லாத இரண்டு டிரைசைக்கிள்காரர்கள், டாஹோ என்கிற சோயா இனிப்பு விற்கிற பையன், சோப்பு வாங்க வந்து சோப்பை மறந்துவிட்ட ஒருவர்.

"ஜெயிப்பவன் மேல் பணம் கட்டுகிறவன் முட்டாள்" என்று ஆரம்பிப்பார் குயா. "அமெரிக்கா ஜோர்டானோடு மோதுகிறது. யார் ஜெயிப்பார் என்று என் மாமியாருக்கே தெரியும். அதனால் பந்தயம் நடத்தும் புக்கி அமெரிக்காவுக்கு 1.02 என்று விலை வைப்பான். நூறு பேசோ கட்டி ஜெயித்தால் நூற்றிரண்டு கிடைக்கும். லாபம் இரண்டு பேசோ. அதற்கு இரண்டு மணி நேரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டுமா?"

ஆகவே புள்ளி கொடுத்து ஆடும் பந்தயம். பலசாலி அணி முப்பது புள்ளி கொடுக்கிறது என்றால், முப்பதுக்கு மேல் வித்தியாசத்தில் அது வென்றால்தான் அதன் மேல் கட்டியவனுக்குக் காசு. இதை விளக்கும்போது குயாவின் பேச்சில் சேவல் களத்து வார்த்தைகள் வந்து விழும். பலசாலி 'யமாடோ', சோப்ளாங்கி 'தெஹாடோ'. களத்தில் இரண்டு கையையும் சிலுவைபோல விரித்து, விரல் சைகையிலேயே நூறு பேரிடம் பந்தயம் பிடித்து, ஒரு துண்டுத் தாள் இல்லாமல் அத்தனையும் நினைவில் வைத்திருக்கும் ஆளுக்குக் 'கிறிஸ்தோ' என்று பெயர். குயாவின் பட்டப்படிப்பு கிறிஸ்தோக்களிடம் நடந்தது. மேற்படிப்பைக் கைப்பேசிச் சேவல் சண்டையில் தொடர்ந்தார். 2022 மே மாதம் அன்றைய அதிபர் துதெர்த்தே அதை நிறுத்திவிட்டார். குயாவின் ஆராய்ச்சி பாதியில் நின்றது என்று அவர் சொல்வார். குடும்பத்தில் அரிசி வாங்க ஆரம்பித்தார்கள் என்று அவர் மனைவி சொல்வார்.

மூன்றாவது பாடம், இரண்டு அணியின் புள்ளியையும் கூட்டி, அது குறித்த எண்ணுக்கு மேலா கீழா என்று கட்டுவது. இங்கேதான் கத்துக்குட்டிகள் மாட்டுகிறார்கள் என்று குயா அடித்துச் சொல்வார். அது உண்மையும்கூட. அமெரிக்காவின் என்பிஏ ஆட்டம் 48 நிமிடம், உலகக் கோப்பை ஆட்டம் 40 நிமிடம். என்பிஏ பார்த்துப் பழகிய கண்ணோடு 'மேலே' என்று கட்டுகிறவன் எட்டு நிமிடப் புள்ளியைக் காற்றில் தேட வேண்டியதுதான். இன்னொன்றும் உண்டு. குழுவில் அணிகள் சமநிலையில் நின்றால் புள்ளி வித்தியாசமும் பார்க்கப்படலாம். அதனால் ஜெயித்துவிட்ட அணிகூடக் கடைசி நொடி வரை எறிந்துகொண்டே இருக்கும். ஆட்டத்துக்கு ஒன்றும் ஆகாத அந்தக் கடைசிக் கூடை பந்தயக்காரன் வீட்டு அடுப்பை அணைத்துவிடும்.

புக்கியின் லாபத்தையும் குயா பிரித்துக் காட்டுவார். இரு பக்கத்துக்கும் 1.90 விலை. இந்தப் பக்கம் ஒருவன் நூறு, அந்தப் பக்கம் ஒருவன் நூறு. உள்ளே வந்தது இருநூறு, ஜெயித்தவனுக்குப் போவது நூற்றுத் தொண்ணூறு. பத்து பேசோ புக்கியிடம். "இருநூற்றுக்குப் பத்து! பகல் கொள்ளை!" என்று பெஞ்சைத் தட்டுவார்.

தட்டிவிட்டு எழுந்து, கடைக்கார அம்மாளிடம் போய், "ஆதே, அட்டையைக் காட்டுங்கள்" என்பார். ஆதே என்றால் அக்கா.

அந்த அட்டைதான் 'எண்டிங்'. குறுக்கே பத்து, நெடுக்கே பத்து, நூறு கட்டம். ஆட்டம் முடியும்போது இரு அணிகளின் புள்ளியிலும் கடைசி இலக்கம் என்னவோ, அந்தக் கட்டத்தை வாங்கியவருக்குப் பணம். 87-81 என்றால் 7-1. இந்தக் கடையில் கட்டம் 20 பேசோ. நூறும் விற்றால் இரண்டாயிரம், வென்றவருக்கு 1,600, மிச்சம் 400 ஆதேவுக்கு. விற்காத கட்டம் ஆதேவுடையது. சட்டப்படி இது குற்றம். ஆகவே ரோந்துக்காரர்கள் தெருவில் தலைகாட்டினால் அட்டை ஷாம்பு பாக்கெட்டுகளுக்குப் பின்னால் ஓய்வெடுக்கப் போய்விடும்.

யோசித்துப் பாருங்கள். 200-க்குப் பத்து எடுக்கும் புக்கி கொள்ளைக்காரன். அதே கணக்கில் நாற்பது எடுக்கும் ஆதே, ஆதே! அதைவிடப் பெரிய வேடிக்கை, எண்டிங்கில் எந்த அறிவுக்கும் வேலை இல்லை. யார் பலசாலி, யார் தெஹாடோ, யாருக்கு முழங்கால் வலி, நடுவர் எந்த ஊர் என்பதெல்லாம் கடைசி இலக்கத்துக்குத் தெரியாது. முப்பது வருஷம் கூடைப்பந்தைக் கரைத்துக் குடித்த மனிதர், அந்த ஞானம் ஒரு பைசாவுக்கு உதவாத ஒரே பந்தயமாகப் பார்த்து ஆடுகிறார். டாஹோ பையன் கண்ணை மூடிக்கொண்டு விரல் வைக்கும் கட்டத்துக்கும் அவர் ஆய்ந்து எடுக்கும் கட்டத்துக்கும் வித்தியாசம் கிடையாது.

கிடையாது என்றா சொன்னேன்? துளி உண்டு, அதுவும் குயாவுக்குத் தெரியும். கூடைப்பந்தில் சமன் என்று முடிவு இல்லை. சமனானால் ஐந்து நிமிடம் கூடுதலாக ஆடி முடிவு காண்பார்கள். இரண்டு கடைசி இலக்கமும் ஒன்றாக வர வேண்டுமானால் வித்தியாசம் சரியாகப் பத்தாகவோ இருபதாகவோ முப்பதாகவோ இருந்தாக வேண்டும். அதனால் 0-0, 4-4, 9-9 போன்ற இரட்டைகள் மற்றக் கட்டங்களைவிடச் சற்று அரிது. மூளை வேலை செய்யக்கூடிய சந்து எண்டிங்கில் இது ஒன்றுதான். குயா இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து இரட்டைகளைத் தொடுவதில்லை. யாராவது தொட்டால், பரிதாபமாக ஒரு பார்வை பார்ப்பார்.

கிலாஸ் முதல் ஆட்டத்தில் டொமினிக்கன் குடியரசிடம் 81-87 என்று தோற்றது. இரண்டாவது ஆட்டம் அங்கோலாவோடு. அட்டையில் மிஞ்சியது 0-0 மட்டும். "குயா, இதையும் எடுத்துக்கொள்ளுங்களேன், அட்டை நிறைந்துவிடும்" என்றார் ஆதே. குயா பெஞ்சிலிருந்து எழுந்து, இரட்டைகளைப் பற்றிய தம் தத்துவத்தைக் கூடியிருந்தவர்களுக்கு முழுசாக விளக்கி, கட்டத்தை மறுத்தார். ஆட்டம் 80-70 என்று முடிந்தது. கிலாஸ் தோற்றதற்குத் தெருவே அழுதது. குயா மட்டும் அங்கோலா அடித்த கடைசிக் கூடையைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்து இத்தாலி, தென் சூடான். எல்லாம் தோல்வி. அரங்கில் பயிற்சியாளர் சோட் ரேயஸ் முகம் திரையில் தெரிந்தாலே கூச்சல் போட்டார்கள். கடையில் போட்ட கூச்சல் அரங்கில் கேட்டிருக்காது, ஆனால் குறைவாகப் போட்டார்கள் என்று சொல்ல முடியாது. கடைசியில் சீனாவோடு மோதியபோது கிலாஸின் ஜோர்டன் கிளார்க்சன் 34 புள்ளி அடித்தார், அதில் 24 மூன்றாம் கால்பகுதியில் மட்டும். கிலாஸுக்கு 96-75 என்று வெற்றி. அன்றைக்குக் குயா கிலாஸ் தோற்கும் என்று சொல்லியிருந்தார். மறுநாள் விசாரித்தபோது, திருஷ்டி கழிக்கவே அப்படிச் சொன்னதாகத் தெரிந்தது.

கிலாஸ் வெளியேறினாலும் குயா வெளியேறவில்லை. அமெரிக்கா லிதுவேனியாவிடம் 104-110 என்று விழுந்தது. "நான் சொன்னேன்" என்றார். யாருக்கும் நினைவில்லை. ஜெர்மனியின் டென்னிஸ் ஷ்ரூடர் லாட்வியாவுக்கு எதிராக 26 முறை எறிந்து நான்கைத்தான் கூடையில் போட்டார், ஆனாலும் ஜெர்மனி 81-79 என்று தப்பியது. "இவனை வைத்துக்கொண்டு இவர்கள் உருப்படமாட்டார்கள்" என்று அன்று தீர்ப்பு எழுதினார். அந்த ஜெர்மனி அரையிறுதியில் அமெரிக்காவை 113-111 என்று சாய்த்தது.

செப்டம்பர் 10. வெண்கலத்துக்கு கனடாவும் அமெரிக்காவும். கனடாவின் டில்லன் புரூக்ஸ் லேக்கர்ஸின் லெப்ரான் ஜேம்ஸை வாய்க்கு வந்தபடி பேசியவர், எனவே மணிலா ரசிகர்கள் அவர் பந்தைத் தொட்டபோதெல்லாம் ஊளையிட்டார்கள். லேக்கர்ஸ் பனியன் போட்ட குயா அதில் முன்னணி. ஆனால் அன்று குயாவின் கட்டம் 1-8, கனடா முதல் இலக்கம். ஆட்டம் முடிய 4.2 நொடி. கனடா 111, அமெரிக்கா 107. அமெரிக்காவின் மிகல் பிரிட்ஜஸுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது விழுந்தது: 108. அட்டையில் இப்போது 1-8! இரண்டாவது தவற வேண்டும், அவ்வளவுதான். சந்து முழுக்க மூச்சைப் பிடித்தது. சோப்பு வாங்க வந்தவர்கூட மண்டியிட்டார். தவறியது! குயா டாஹோ பையனைத் தூக்கிச் சுற்றினார். சுற்றும்போது திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்ததால், பிரிட்ஜஸ் அதை வேண்டுமென்றே தவறவிட்டதையும், தாமே பாய்ந்து பந்தைப் பிடித்து மூலைக்கு ஓடி மூன்று புள்ளி எறிந்ததையும் பார்க்கவில்லை. 111-111. மிச்சம் 0.6 நொடி.

கூடுதல் நேரத்தில் கனடா 127-118 என்று வென்றது. புரூக்ஸுக்கு 39 புள்ளி. எண்டிங் 7-8.

"எட்டு சரியாக வந்ததா இல்லையா?" என்றார் குயா, சற்று நேரம் கழித்து.

அன்றிரவு இறுதி ஆட்டத்தில் செர்பியாதான் என்று உறுதியாகச் சொல்லியிருந்தார். உருப்படாது என்று தீர்ப்பான ஜெர்மனி 83-77 என்று வென்று, எட்டு ஆட்டத்தில் எட்டும் ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது. ஷ்ரூடர்தான் தொடரின் சிறந்த ஆட்டக்காரர். குயா இரண்டு நாள் டிரைசைக்கிளை ஒழுங்காக ஓட்டினார்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஹாங்சோவில் ஆசிய விளையாட்டுப் போட்டி வந்துவிட்டது. பயிற்சியாளர் மாறி டிம் கோன் வந்திருந்தார். குழு ஆட்டத்தில் ஜோர்டான் நம் குயாவின் அணியை 25 புள்ளி வித்தியாசத்தில் அடித்திருந்தது. அரையிறுதியில் சீனாவை அதன் மண்ணிலேயே 77-76 என்று கிலாஸ் மடக்கியது. அக்டோபர் 6, இறுதி ஆட்டம், மறுபடி அதே ஜோர்டான். 1962-க்குப் பிறகு ஆசிய விளையாட்டின் கூடைப்பந்துத் தங்கம் கண்ணில் படாத நாடு. அட்டை காலையிலேயே கிட்டத்தட்ட தீர்ந்துவிட்டது.

"கிலாஸ் பத்துப் புள்ளியில் ஜெயிக்கும். ஒன்பது இல்லை, பதினொன்று இல்லை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் குயா. டாஹோ பையன் உண்மையிலேயே சுவரில் கரியால் எழுதி வைத்தான்.

"இரண்டு கட்டம் மிச்சம் குயா. 0-0, 3-8. எது?" என்றார் ஆதே.

குயாவுக்குச் சிரிப்பு வந்தது. "இரட்டையா? அங்கோலாவுக்கு வந்ததே அதிசயம். அது ஆயுசுக்கு ஒரு தரம் வருவது. 3-8 கொடுங்கள்."

கிலாஸ் 70, ஜோர்டான் 60.

அறுபத்தொரு வருடத் தங்கம். பாத்திரங்களைத் தட்டிக்கொண்டு சந்து முழுக்க ஆடியது. வண்டிகள் ஓயாமல் ஹார்ன் அடித்தன. குயாவும் ஆடினார், கண் கலங்கினார், எதிரில் வந்தவரையெல்லாம் சுவரருகே இழுத்துப்போய்க் கரி எழுத்தைக் காட்டினார். முப்பது வருஷத்தில் அவர் சொன்னது சொன்னபடி நடந்தது அன்றைக்குத்தான்.

"பத்து என்றேன், பத்து! இந்த ஊரில் வேறு யார் சொன்னார்கள்?"

விற்காத 0-0-வின் பணத்தை டப்பாவில் எண்ணிப் போட்டுக்கொண்டிருந்த ஆதே நிமிர்ந்தார். "சரிதான் குயா. பத்துப் புள்ளி வித்தியாசம் என்றால் இரண்டு கடைசி இலக்கமும் ஒன்றாகத்தானே இருக்கும்?"

குயா காதிலிருந்த பென்சிலை எடுத்தார். சுவரைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், பிறகு டாஹோ பையனைப் பார்த்து, "நீ ஏண்டா முதலிலேயே சொல்லவில்லை?" என்றார்.