சும்மா இருக்கிற சுவிட்ச்

விலை குறைந்த மாடல் கார் வாங்கியவர்களுக்குத் தெரியும். ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, பொத்தான் வரிசையில் இரண்டு மூன்று மொட்டை மூடிகள் இருக்கும். கூடப் பணம் கொடுத்தவனுக்கு அங்கே ஃபாக் லைட் சுவிட்ச் வரும். நமக்கு மூடி வரும். டெலிவரி எடுத்த அன்றைக்கு அதை ஒரு தடவை அழுத்திப் பார்த்து, ஒன்றும் நடக்காததால் மறந்துவிடுகிற ஜாதி நாமெல்லாம். ஒருவர் இருக்கிறார், இவரால் அது முடியாது. பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போவதுபோல, சிக்னலில் வண்டி நின்றால் போதும், இவர் விரல் அந்த மூடிக்குப் போய்விடும். "சும்மா இருக்கு பாருங்க," என்பார். குரலில் அவ்வளவு வருத்தம்.

எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒருவர் உண்டு. எங்கள் குடும்பத்தில் அது யார் என்று சொல்வதாக இல்லை. தங்கை வீட்டில் நான் மறுபடி போய்ச் சாப்பிட வேண்டும்.

சும்மா இருக்கிற சுவிட்சுக்கு என்ன வேலை கொடுப்பது என்று பல மாதம் யோசித்தார். கடைசியில் ரூம் லைட் என்று முடிவானது. ரூம் லைட்டுக்குத்தான் ஏற்கெனவே சுவிட்ச் இருக்கிறதே, லைட்டிலேயே, தலைக்கு மேலே, கைக்கெட்டும் தூரத்தில்? கேட்டேன். "கையத் தூக்கணுமே மச்சான்," என்றார். இப்படிச் சொன்ன மனிதர், கை தூக்குகிற சிரமத்தை மிச்சப்படுத்துவதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காருக்குள் மல்லாந்து கிடந்தார். தலை பிரேக் பெடலுக்கு அடியில், கால் இரண்டும் கதவுக்கு வெளியே தெருவில். கீரைக்காரம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு, "ஐயாவுக்கு என்ன ஆச்சு?" என்று பதறிப்போனார். ஐயா உள்ளேயிருந்து, "டார்ச்ச கொஞ்சம் இப்படிப் புடிங்கம்மா," என்றார். அந்த அம்மா பிடித்தார். அரை மணி நேரம். கீரை வாடியதுதான் மிச்சம்.

இதற்கு முன்னால் சாமான் வாங்கும் படலம் ஒன்று நடந்தது. ஜி.பி. ரோட்டில் புது சுவிட்ச் விலை கேட்டு, "கொள்ளையடிக்கிறான்" என்று திட்டிவிட்டு, புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய சுவிட்சைப் பேரம் பேசி வாங்கினார். ஆட்டோவுக்குக் கொடுத்ததை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. மூடியை நெம்பி எடுத்தால் உள்ளே, மேல் மாடலுக்கென்று போட்ட வயரின் கப்ளர் சும்மா தொங்குகிறது. எல்லா மாடலுக்கும் ஒரே வயர்க் கட்டைப் போட்டால் கம்பெனிக்கு வேலை மிச்சம், அதனால் சில வண்டிகளில் இப்படி விட்டுவிடுவார்கள். இவர் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. தனக்காகவே யாரோ ஒரு இன்ஜினியர் விட்டுவைத்த ரகசியக் கடிதம் என்று எடுத்துக்கொண்டார். ஆனாலும் அந்த வயரைத் தொடவில்லை. தனியாக வயர் இழுத்தால்தான் திருப்தி.

வயரை இவர் பல்லால் கடித்துத்தான் உரிப்பார். ஸ்ட்ரிப்பர் வைத்திருக்கிறார், பெட்டி பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது. கடித்து, துப்பி, செம்புக் கம்பியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே முறுக்கி, கருப்பு டேப்பைச் சுற்றி, கடைசிச் சுற்றை ஒரு அழுத்து அழுத்துவார். சென்னை மே மாத வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் அந்த டேப்பின் பசை இளகி ஒழுகும். பசை விட்டால் வயர் விடும். விட்ட வயர் மெதுவாக இறங்கி, ஓட்டுகிறவரின் கணுக்காலைத் தடவும். என் தங்கை அண்ணா சாலை நடுவில் பாம்பு என்று அலறியது அப்படித்தான்.

வேலை முடிந்ததும் பாடம் ஆரம்பமானது. "பாசிட்டிவ் எப்பவும் இருக்கு மச்சான். கதவத் தொறந்தா, கதவோரத்துல இருக்கிற குட்டி சுவிட்ச் எர்த் குடுக்குது, லைட் எரியுது. நாம இன்னொரு எர்த் குடுக்கறோம். அவ்ளோதான்." பெரும்பாலான வண்டிகளில் விஷயம் அவர் சொல்கிறபடிதான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் இதை நிச்சயதார்த்தத்துக்கு வந்த சம்பந்தி வீட்டாரிடம் சொன்னார். தாம்பூலம் வாங்க நின்ற சாஸ்திரிகளிடம் சொன்னார். சாஸ்திரிகள் அதில் ஏதோ வேதாந்தம் இருக்கிறது என்று நினைத்துக் கடைசிவரை தலையாட்டிக்கொண்டிருந்தார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அதை அவராகச் சொல்லமாட்டார். ரூம் லைட்டிலேயே இருக்கிற சுவிட்சுக்கு மூன்று நிலை: எரி, கதவு, அணை. இவர் கதவு வயரில் கைவைத்திருப்பதால், மேலே இருக்கிற சுவிட்ச் சரியாக நடுவில் நின்றால்தான் கீழே இருக்கிற சுவிட்ச் வேலை செய்யும். குழந்தைகள் விளையாட்டாக மேலே 'அணை' பக்கம் தள்ளிவிட்டால் போச்சு. கீழே எத்தனை தடவை அழுத்தினாலும் இருட்டுதான். அதாவது, கையைத் தூக்காமல் இருப்பதற்காகப் போட்ட சுவிட்ச் எரியவில்லை என்றால், முதலில் கையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். இப்போது மேலே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: 'நடுவிலேயே இருக்கட்டும். தொடாதே.' குழந்தைகள் தொடாமல் இருப்பார்களா?

புதுப்பேட்டையில் வாங்கிய சுவிட்சில் இருக்கிற படம் வேறு அப்படியே இருக்கிறது, மூடுபனி விளக்குப் படம். போன வருஷம் ஏற்காடு போனோம். ஆக்டிங் டிரைவர் நல்ல பையன். 20 கொண்டை ஊசி வளைவில் பாதிகூடத் தாண்டவில்லை, பனி இறங்கிவிட்டது. பையன் படத்தைப் பார்த்து நம்பிக்கையோடு அழுத்தினான். வெளியே இருந்த இருட்டு அப்படியே இருக்க, உள்ளே கல்யாண மண்டபம்போல் வெளிச்சம். முன் கண்ணாடியில் ரோடு தெரியவில்லை, எங்கள் ஏழு பேர் முகம்தான் தெரிந்தது. பின்சீட்டிலிருந்து இவர், "பாத்தீங்களா, ஒரே அமுக்குல!" என்றார்.

பேட்டரி கதையையும் சொல்லிவிடுகிறேன். பகலில் உள்ளே லைட் எரிவது வெளியே தெரியாது. எர்த் பக்கமாகச் சுவிட்சைப் போட்டதால் சுவிட்சின் சொந்த விளக்கும் எரியாது. யாரோ அழுத்தினார்கள், வெள்ளிக்கிழமையிலிருந்து எரிந்துகொண்டிருந்தது, ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்குக் கிளம்பினால் வண்டி 'டிக்' என்றதோடு சரி. "10 வாட் பல்பு, 12 வோல்ட்டு, ஒரு ஆம்பியர்கூட இழுக்காது. 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, 40 மணி நேரம் தாங்கணுமே," என்று வாசலில் நின்று கணக்குப் போட்டார். கணக்கு சரி. பேட்டரி பழசு. தங்கை பட்டுப்புடவையோடு ஆட்டோவில் போய், தாலி கட்டி முடிந்தபின் போய்ச் சேர்ந்தாள்.

அதற்காக மனிதர் மோசம் என்று நினைத்துவிடாதீர்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது எங்கள் பக்கம் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. தெருவில் முக்கால்வாசிப் பேர் போனும் செத்துப்போயிருந்தது. இவர் அதே காரின் பேட்டரியில் ஏதேதோ ஒட்டுப்போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, வரிசையில் நிற்க வைத்து எல்லோருக்கும் சார்ஜ் போட்டுக்கொடுத்தார். ராத்திரி பத்து மணிக்கு ஒரு பாட்டி துபாயில் இருக்கிற மகனோடு பேச வேண்டும் என்று வந்தார். அவர் பேசி முடிக்கும்வரை இவர் ரூம் லைட்டைப் போட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். பெட்ரோலுக்கு யாரிடமும் காசு வாங்கவில்லை.

ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தக் காரின் பின்பக்க இடது ஜன்னல் இறங்குவதில்லை. கைப்பிடி சுற்றும், கண்ணாடி அசையாது. என் அம்மாவுக்குக் காரில் போனால் குமட்டும், காற்று வேண்டும், அவர் உட்காருகிற இடமும் அதுதான். "மாப்பிள, அந்தக் கண்ணாடிய மட்டும் கொஞ்சம் பாருங்களேன்," என்று அம்மா எத்தனை பண்டிகைக்குச் சொல்லியிருப்பார்! "பாத்துடலாம் அத்தை," என்பார். பார்க்கமாட்டார். கெட்டுப்போனதைச் சரிசெய்வது மெக்கானிக் வேலையாம். அதில் சுவாரசியம் இல்லையாம். நன்றாக இருக்கிறதைப் பிரிப்பதில்தான் இருக்கிறது. மாமியார் மடியில் பிளாஸ்டிக் பையோடு வருகிறார், முன்னால் ஒரு சுவிட்சுக்கு இரண்டு சுவிட்சாக ரூம் லைட் எரிகிறது. இதை நான் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் அடங்கியிருந்தார்.

இப்போது அவர் கண் என் வண்டியின் மேல். கியருக்குப் பக்கத்தில் ஒரு மொட்டை மூடி இருக்கிறது. போன தடவை ஏறினபோதே விரல் போய்விட்டது. அடுத்த நாளே அந்த மூடி முழுக்க மறைகிற மாதிரி ஒரு பிள்ளையார் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டேன். சாமியைப் பிய்த்துவிட்டு வயர் இழுக்க மனிதருக்கு மனசு வராது. பொங்கலுக்கு வந்தவர் ஏறி உட்கார்ந்தார், பார்த்தார், செருப்பைக் கழற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு நிம்மதி. கிண்டி தாண்டும்வரை பேச்சே இல்லை.

"மச்சான்," என்றார் அப்புறம். "புள்ளையாருக்குப் பின்னாடி சின்னதா ஒரு லைட் போட்டா எப்படி இருக்கும்?"