ஷாங்காயிலிருந்து வந்த வாசல்

லிவர்பூலின் சீனக் குடியிருப்பான நெல்சன் தெருவில் நான் சாப்பிடப் பழகிய தொண்ணூறுகளில் அங்கே அலங்கார வளைவு கிடையாது. பெர்ரி தெருவிலிருந்து திரும்பும்போதே இஞ்சியும் நல்லெண்ணெயும் மணக்கும். வழி கேட்க வேண்டியதில்லை. கண்ணாடிக்குப் பின்னால் வறுத்த வாத்துகள் கொக்கியில் தொங்கும். கேட்டால் ஒன்றை இறக்கி, கட்டைமேல் வைத்து, பட்டையான வெட்டுக்கத்தியால் எலும்போடு துண்டு போட்டு, வடிந்த சாற்றையும் சோற்றில் ஊற்றித் தருவார்கள். சனிக்கிழமை நள்ளிரவிலும் மேசைக்குக் காத்திருக்க வேண்டும்.

2000-இல் வளைவு வந்தது. உயரம் 13.5 மீட்டர், அதில் 200 டிராகன்கள். ஷாங்காயில் செய்து, கப்பலில் கொண்டுவந்து பூட்டினார்கள். உண்மையிலேயே அழகான வேலைப்பாடு. இன்று அதன் கீழே படம் எடுப்பவர்களுக்குக் குறைவில்லை. உள்ளே போனால் பூட்டிய கதவுகள். ஒரு சன்னலில் வெயிலில் வெளுத்த விலைப்பட்டியல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சீனாவிலிருந்து படிக்க வரும் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தை ஒட்டிய கடைகளிலேயே சாப்பிட்டுக்கொள்கிறார்கள்.

கடைகள் இடம் மாறுவது எந்த ஊரிலும் நடப்பதுதான். அந்த வளைவைப் பார்க்கும்போதெல்லாம் ஷாங்காய் என்ற பெயர்தான் என்னை உறுத்துகிறது.

லிவர்பூல் கப்பல் முதலாளி ஆல்ஃபிரட் ஹோல்ட்டின் புளூ ஃபனல் கப்பல்கள் 1860-களில் சீனாவுக்கு ஓடத் தொடங்கின. அவற்றில் வேலை பார்த்த சீன மாலுமிகள் துறைமுகத்தை ஒட்டிய பிட் தெருவிலும் கிளீவ்லண்ட் சதுக்கத்திலும் தங்கினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது, 1941 குண்டுவீச்சில் அந்தப் பகுதி சிதைந்தபின் குடியிருப்பு நெல்சன் தெருப் பக்கம் நகர்ந்தது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் சுற்றிய அட்லாண்டிக்கில் சீன மாலுமிகள் பிரிட்டனுக்காகக் கப்பல் ஓட்டினார்கள்; வெள்ளை மாலுமிகளைவிடக் குறைந்த சம்பளத்தை எதிர்த்து 1942-இல் வேலைநிறுத்தமும் செய்தார்கள். போர் முடிந்தது. 1945 அக்டோபர் 19 அன்று உள்துறை அதிகாரிகள் கூடி, இவர்களை ஊரைவிட்டு அனுப்புவது பற்றிப் பேசினார்கள். அதன்பின் நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்துக் கப்பலேற்றினார்கள். அவர்களில் பலர் ஷாங்காய்க்காரர்கள். உள்ளூர்ப் பெண்களை மணந்து பிள்ளை பெற்றவர்களும் இருந்தார்கள். மனைவிகளுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்நியரை மணந்ததால் அவர்கள் தங்கள் சொந்தக் குடியுரிமையையே இழந்திருந்தார்கள். எங்கே போய் முறையிடுவார்கள்? அப்பா நம்மை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று நம்பியே பல பிள்ளைகள் வளர்ந்தார்கள். அரசுக் கோப்புகள் வெளிவந்த பிறகுதான், பல பத்தாண்டுகள் கழித்து, அவர்களுக்கு உண்மை தெரிந்தது.

ஷாங்காய் மனிதர்களைத் திருப்பி அனுப்பிய நகரம், ஷாங்காயிலிருந்து வரவேற்பு வாசலைத் தருவித்திருக்கிறது.

2006-இல் பியர் ஹெட் கரையில் அந்த மாலுமிகளுக்கு நினைவுப் பலகை வைத்தார்கள். கட்டாயப்படுத்தி அனுப்பியதை உள்துறையின் அறிக்கை 2022-இல் ஒப்புக்கொண்டது. இவை போதாது. அவர்கள் நடந்து திரிந்த தெருவிலேயே, அந்த வளைவின் தூணருகே, அனுப்பப்பட்டவர்களில் தெரிந்தவர்களின் பெயர்களையாவது பொறிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இப்போது எண்பது வயது ஆகிறது. அவர்கள் வந்து படிக்கும்படி, சீக்கிரம் செய்ய வேண்டும்.