மந்தர ஸ்தாயிப் பிரியர்

பேரம் பேசாமல் ஒரு பொருளை வாங்குகிறவன் கொங்குநாட்டில் வெளியூர்க்காரனாக இருக்கவேண்டும், அல்லது பிறத்தியாருடைய பணத்தைச் செலவழிக்கிறவனாக இருக்கவேண்டும். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல்களைப் பற்றிக் காங்கேயம் காளைக்கு விலை முடித்த பரம்பரையில் உதித்து, கால வித்தியாசத்தினால் ஒரு வங்கியில் உத்தியோகம் ஏற்று, தோட்டத்து வீட்டைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுத் தாராபுரத்திலே அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடியில் குடியேறியிருக்கும் ஒரு வகைக் கனவானை நான் அறிவேன். மளிகைக்காரரையும் மேஸ்திரியையும் மாப்பிள்ளை வீட்டாரையும் பேரத்தினால் வழிக்குக் கொண்டுவந்த பின்னர், அந்திம முயற்சியாகப் பௌதிக சாஸ்திரத்தோடும் அவர் பேரம் பேசத் துணிந்தார் என்பதே அவரிடத்தில் நான் காணும் மகத்துவம். அவரை மந்தர ஸ்தாயிப் பிரியர் என்று குறிப்பிடுவோம். அவர் விரும்பும் வஸ்துவைக் கடைக்காரர் சப் உஃபர் என்பார்; ஊரார் உஃபர் என்பார்கள்; அவருடைய மனைவியார் ‘அந்தப் பொட்டி’ என்பார்.

இந்த ருசி அவருக்கு எங்கே ஏற்பட்டது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ‘ரோஜா’ வெளிவந்த 1992-இல் அவர் கல்லூரி மாணவர். தாராபுரத்திலிருந்து பல்லடம் வழியாகக் கோவைக்குப் போகும் தனியார் பஸ்ஸின் கடைசி ஆசனத்தில், முதுகுக்குப் பின்னால் பொருத்தப்பட்ட ஒலிபெருக்கியின் அதிர்ச்சியை முதுகெலும்பினாலேயே கேட்டுக் கேட்டு, சங்கீதம் என்பது காதுக்கு மட்டும் உரியதன்று என்னும் தத்துவத்தை அவர் அக்காலத்திலேயே கிரகித்துக்கொண்டார். பல்லவி எது, சரணம் எது என்று இன்றும் அவருக்குத் திட்டமாகத் தெரியாது. ஆனால் எந்தப் பாட்டில் எந்த இடத்தில் ‘அடி விழும்’ என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

ஒலிபெருக்கிப் பெட்டி சிறியதாக இருக்கவேண்டும், தொனி ஆழமாக இறங்கவேண்டும், சொற்ப மின்சாரத்திலேயே உரத்து முழங்கவேண்டும் என்னும் மூன்று வரங்களில் இரண்டைத்தான் ஒருவன் கேட்கலாம், மூன்றாவதைத் தியாகம் செய்தே தீரவேண்டும் என்று ஹாஃப்மன் என்பவர் ஒரு நியதியை வகுத்திருக்கிறார். இவர் 1957-இல் அமெரிக்காவில் கே.எல்.எச். என்னும் ஒலிபெருக்கிக் கம்பெனியைத் தொடங்கிய மூவரில் ஒருவர். பிரசித்தி பெற்ற பியானோ வித்வான் ஒருவருடைய புதல்வர். சாமானிய மனிதர்கள் இந்த நியதிக்குத் தலைவணங்குகிறார்கள். நம்முடைய பிரியரோ மூன்றையும் கேட்டதோடு அமையாமல், விலை 7,000 ரூபாயைத் தாண்டலாகாது என்று நான்காவதையும், கீழ்வீட்டாருக்குக் கேட்கலாகாது என்று ஐந்தாவதையும் சேர்த்துக்கொண்டார். ஹாஃப்மன் சொன்னது ‘சொல்லு விலை’யே தவிர முடிவு விலை அன்று என்பது அவருடைய அபிப்பிராயம்.

கடையிலே அவர் பெட்டியைப் பரிசோதித்த விதம், சந்தையில் அவருடைய பாட்டனார் காளைக்குச் சுழி பார்த்த விதத்தினின்றும் அணுவளவும் பிசகவில்லை. முதலில் தட்டிப் பார்த்தார். பிறகு தூக்கிப் பார்த்தார். கனம் குறைந்த பெட்டியை அதன் முகத்தைக்கூடப் பாராமல் ஒதுக்கினார். (இது மூடநம்பிக்கை அன்று. கனத்த காந்தமும் கெட்டியான பலகையும் இல்லாத பெட்டி, இசையோடு சேர்ந்து தானும் நடுங்கும்.) அட்டையின் மேல் 4,000 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததைக் கண்டு புன்னகை செய்தார். பி.எம்.பி.ஓ. என்று வழங்கும் அந்தக் கணக்குக்கு ஆதாரமான அளவுகோல் ஒன்றும் உலகத்தில் இல்லையென்பதும், நம்பத்தக்க ஆர்.எம்.எஸ். கணக்கில் அந்தப் பெட்டி ஐம்பது அறுபது வாட்டுக்குள் அடங்கிவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். தரகர் சொல்லும் பல்லின் வயதை நம்பி மாடு வாங்கும் குலத்தில் அவர் பிறக்கவில்லை.

“ஏனுந் தம்பி, இது எட்டு இஞ்ச்சு, அது பத்து இஞ்ச்சு. பத்த எட்டு வெலைக்கே போட்டுக் குடுங்க.”

“கட்டாதுங்ணா.”

“ரெண்டு இஞ்ச்சுல என்னங் கொறஞ்சு போயிரப் போவுது?”

பையன் சமயோசிதம் உள்ளவன். பேச்சை மாற்றி, பெட்டிகளில் துவாரம் உள்ளது, முழுதும் மூடியது என்று இரண்டு ஜாதி உண்டென்றும், துவாரம் உள்ளது அதிகமாக முழங்குமென்றும், மூடியது அடக்கமாகவும் தெளிவாகவும் ஒலிப்பதால் அடுக்குமாடிக்கு அதுவே உசிதமென்றும் விளக்கினான். பிரியர் அதையெல்லாம் சாவதானமாகக் கேட்டுவிட்டு, துவாரம் போட்ட பெட்டியில் அந்த வட்டத்தின் அளவுக்குப் பலகை மிச்சம்தானே, அந்தக் கிரயத்தைக் கழிக்கவில்லையே என்று வினவினார். பையன் முதலாளியைக் கூப்பிட்டான். இறுதியில் எட்டு அங்குலப் பெட்டி ஒன்று, மூன்று மீட்டர் ஒயரும் ஒரு பின்னும் இனாமாகச் சேர்த்து, அவருடைய வரம்பை இருநூறு ரூபாய் மட்டும் மீறி, தாராபுரம் பஸ்ஸில் ஏறியது.

வீட்டில்தான் சாஸ்திரம் தன் பங்குக்குப் பேரம் பேசத் தொடங்கியது. அவருடைய கூடத்தின் நீளம் 14 அடி. 40 ஹெர்ட்ஸ் தொனியின் அலைநீளமோ ஏறக்குறைய 28 அடி. அதாவது, அறை சரியாக அரை அலைக்கு அளவெடுத்துக் கட்டியதுபோல அமைந்திருந்தது. அத்தகைய அறையில் அந்தத் தொனி இரு கோடிச் சுவர்களிலும் குவிந்து, நடுவில் ஏறத்தாழ அற்றுப்போகும். பிரியருடைய சோபா நடுவில் இருந்தது. அவர் காதுக்கு எட்டுவது ஒன்றுமில்லாமையால் குமிழை மேலும் திருகுவார். சுவருக்கு அப்பால் சமையலறை அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று சம்பாஷிக்கும். பணம் கொடுத்தவரைத் தவிர மற்றெல்லாருக்கும் அனுபவத்தை வாரி வழங்கும் வேறொரு சாதனத்தை நான் கண்டதில்லை.

இதற்குப் பரிகாரம் ஒன்று உண்டு. பெட்டியைத் தாம் உட்காரும் சோபாவின்மேல் ஏற்றிவைத்துப் பாட்டை ஓடவிட்டு, அறையின் ஓரங்களில் முழந்தாளிட்டுத் தவழ்ந்து, எந்த இடத்தில் தொனி சமமாகக் கேட்கிறதோ அந்த இடத்தில் பிற்பாடு பெட்டியை ஸ்தாபிக்கவேண்டும். வேடிக்கையாகத் தோன்றினாலும் இது நிபுணர்கள் அங்கீகரித்த முறை. ஐம்பதைத் தாண்டிய ஒரு வங்கி அதிகாரி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தரையில் செவியைச் சாய்த்தவாறு ஊர்ந்து வருவதை வாசற்படியில் நின்று கண்ட மனைவியார், “ஏனுங், சாவியத் தொலைச்சுப்போட்டீங்களா?” என்று பரிவோடு விசாரித்தார். சாவி தொலையவில்லை; இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த இடத்தில் அம்மையாரின் சீர்வரிசையில் வந்த பீரோ நின்றுகொண்டிருந்தது. பௌதிக சாஸ்திரத்தோடு வாதாடிய வீரர், பீரோவின் எதிரே வாய் திறவாமல் சோபாவை நகர்த்திக்கொண்டார்.

சட்டம் அவருக்கு அனுகூலமாக இருந்ததைச் சொல்லாமல் விடலாகாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும், இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை 45 டெசிபலும் என்று வரம்பு கட்டுகின்றன. ஆனால் அந்த அளவு ‘ஏ’ என்னும் நிறையிட்ட கணக்கில் எடுக்கப்படுவது. மனிதச் செவி மந்தர ஸ்தாயியை மந்தமாகவே கேட்பதை உத்தேசித்து, 40 ஹெர்ட்ஸ் தொனியில் ஏறக்குறைய 35 டெசிபலைக் கழித்துவிட்டே அந்தக் கருவி கணக்குக் காட்டும். சர்க்கார் தானாகவே முன்வந்து முப்பத்தைந்து தள்ளுபடி கொடுக்கிறது என்பதை அறிந்த தினத்தில் பிரியர் அடைந்த ஆனந்தத்தை, பெட்டி வாங்கிய தினத்தில்கூட அவர் அடையவில்லை.

கான்கிரீட் தளம் அத்தகைய தள்ளுபடி எதையும் கொடுப்பதில்லை. வீணையையும் குரலையும் மேலேயே தடுத்துவிட்டு, அடித்தொனியை மட்டும் கீழே அனுப்பும். பிரியர் பெட்டிக்கு அடியில் பொள்ளாச்சித் தென்னைநார் மெத்தையும், அதன்மேல் ஒரு கடப்பைக் கல்லும் போட்டார். தரை வழியாக இறங்கும் நடுக்கம் சற்றே குறைந்தது. காற்று வழியாக இறங்குவதற்கு மெத்தை என்ன செய்யும்? தாராபுரமே பாண்டவர்கள் அஞ்ஞாத வாசம் செய்த விராடபுரம் என்பது இவ்வூர் ஐதீகம். பீமசேனனையே ஓராண்டுக் காலம் மடைப்பள்ளியில் ஓசைப்படாமல் மறைத்துவைத்த ஊரில் (கீசகன் விஷயம் நீங்கலாக), ஓர் எட்டு அங்குல உஃபரை மறைக்க முடியவில்லை.

கீழ்வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை. படிக்கட்டில் எதிர்ப்பட்ட ஒரு நாள், ஊர் வழக்கப்படி சாப்பிட்டாயிற்றா, மழை உண்டா, அமராவதியில் தண்ணீர் விட்டார்களா என்றெல்லாம் கிரமமாக விசாரித்து முடித்தபின், “ஏனுந் தம்பி, தெனமும் பொழுதோட மாவு ஆட்டறீங்களாட்ட இருக்குதுங்?” என்றார். வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே பெற்ற கோவைச் சீமையில் மாவாட்டும் சத்தத்தை ஆட்சேபிக்கிறவர் எவரும் இல்லையென்பது பிரியருக்கு அக்கணமே பளிச்சிட்டது. “ஆமாங் டீச்சர்” என்றார். அன்று முதல் சண்டைப் படங்களையெல்லாம் மாவாட்டும் வேளையில், அதாவது மாலை ஆறுக்கும் ஏழரைக்கும் இடையில், நிஷ்களங்கமான மனத்தோடு பார்த்துவந்தார். பிரியர் வீட்டில் கிரைண்டர் இல்லை என்பதும், பாக்கெட் மாவே வாங்குகிறார்கள் என்பதும் அவருடைய மனைவியாருக்கு நெடுநாளைய மனக்குறை.

சென்ற ஆடி மாதத்தில் ஒரு மாலை, காற்று ஜன்னல்களை அறைந்துகொண்டிருந்த வேளையில், ஊறவைத்த அரிசியும் உளுந்தும் இரண்டு சட்டிகளில் மேலே வந்தன. ஆசிரியை வீட்டுக் கிரைண்டரின் பெல்ட் அந்துபோய்விட்டதாம். உங்கள் வீட்டுக் கிரைண்டர் கேட்கும்போதே திடமாகத் தெரிகிறது, ஓர் ஈடு ஓட்டிக் கொடுத்தால் புண்ணியம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். சட்டிகளை வாங்கிய மனைவியார் ஒரு வார்த்தையும் பேசாமல் கூடத்துக்கு வந்து, இரண்டையும் உஃபர் பெட்டியின் தலையில் வரிசையாக வைத்து, “உப்பு நானு போட்டுக்கறனுங், நீங்க ஆட்டி மட்டும் குடுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.