புலி வாங்கப் போற மாப்பிள்ளைக்கு

மாப்ளே, நீ டேங்க் பொம்மை வாங்கி ஒட்டப் போறதா எந் தங்கச்சி சொன்னா. பொம்மைன்னதுக்கு மூஞ்சியத் தூக்காதே. 'ஸ்கேல் மாடல்'னே வச்சுக்கிடுவோம். ஆவடி டேங்க் ஃபேக்டரில விஜயந்தாவுக்கு நட்டு முறுக்கின கை இது. நீ எங்கிட்ட யோசனை கேக்க மாட்டே, தெரியும். அதான் கேக்காமலே சொல்லிட்டுப் போயிரலாம்னு வந்தேன்.

டைகர்தானே வாங்கப் போறே? எல்லாப் பயலும் அதைத்தான் வாங்குதான். ஜெர்மன்காரன் அந்த டைகர் ஒண்ணாம் நம்பரை 1942-லேருந்து 1944 வரைக்கும் செஞ்சதே சுமார் 1,350 வண்டிதான். அமெரிக்காக்காரன் ஷெர்மனைக் கிட்டத்தட்ட 50,000 செஞ்சு தள்ளினான். ரஷ்யாக்காரனோட டி-34 அதுக்கும் மேல. ஆனா மாடல் கடை அலமாரியப் பாரு, தரையிலேருந்து உத்தரம் வரைக்கும் டைகர். சண்டையில தோத்தவன் டப்பாவுல ஜெயிச்சுட்டான்.

சரி, மொதல்ல அளவு. 35-ல் ஒண்ணு, 48-ல் ஒண்ணு, 72-ல் ஒண்ணுன்னு டப்பாவுல போட்டிருப்பான். நெச டைகர் பீரங்கிக் குழலோட சேத்து 8.45 மீட்டர். 35-ல் ஒண்ணுன்னா 24 சென்டிமீட்டர் வரும். 72-ல் ஒண்ணுன்னா 12-க்குக் கொஞ்சம் கம்மி, சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போகலாம். 16-ல் ஒண்ணு இருக்கே, அது அரை மீட்டருக்கு மேல. உன் பெங்களூர் ஃபிளாட்டுல அதை வச்சா, நீ வராண்டாவுல படுக்கணும்.

இந்த 35 எங்கேருந்து வந்துச்சுன்னு நெனைக்கே? பெரிய கணக்குப் புலவன் உக்காந்து போட்டதுன்னா? ஜப்பான்ல ஷிசுவோகா ஊர்ல தமியா கம்பெனிக்காரன், 1960-களோட தொடக்கத்துல பாந்தர் டேங்க் ஒண்ணு செஞ்சான். உள்ள மோட்டாரும் பேட்டரியும் அடங்கணுமே, அதுக்குத் தக்கன உடம்பை வெட்டினான். பொறவு அளந்து பாத்தா 35-ல் ஒண்ணு கிட்டக்க வந்துச்சு. வண்டி நல்லா வித்துப் போச்சு. அடுத்தடுத்ததையும் அதே அளவுல செஞ்சான். மத்த கம்பெனிக்காரனும் அதையே பிடிச்சுக்கிட்டான். இன்னைக்குக் கால் மில்லிமீட்டர் கூடிப் போச்சுன்னு ஊரே சண்டை போடுதான் பாரு, அத்தனைக்கும் அஸ்திவாரம் பேட்டரிக் கட்டைதான்.

அளவு முடிவாச்சுன்னா படத்தைப் பாக்காதே மாப்ளே, சக்கரத்தை எண்ணு. விஜயந்தாவுக்கு ஒரு பக்கம் ஆறு சக்கரம். டைகருக்கு ஒரு பக்கம் எட்டு அச்சு, அச்சுக்கு மூணு சக்கரம், ஒண்ணுக்கு ஊடால ஒண்ணு நொழைஞ்சு கெடக்கும். ரெண்டு பக்கமும் சேத்து 48. ஒவ்வொண்ணையும் அது ஒட்டிக் கெடக்கிற பிளாஸ்டிக் சட்டத்துலேருந்து நிப்பரால வெட்டணும், வெட்டின எடத்துல நிக்கிற கணுவைச் சீவணும், உப்புத்தாள் போடணும், விளிம்புல ரப்பருக்குக் கறுப்பு அடிக்கணும். நாலாவது சக்கரத்துல உனக்குப் பாட்டு வரும். இருபதாவதுல கொட்டாவி வரும். அதுக்குப் பொறவு என்ன வரும்னு நான் சொல்ல மாட்டேன், எந் தங்கச்சி மகன் நீ.

இதுக்கு மேல, சக்கரத்தைச் சுத்தி ஓடுற செயின் இருக்கு. ஒரு பக்கத்துக்கு 96 கண்ணி. சில கம்பெனி ரப்பர் மாதிரி ஒரே பட்டையாக் குடுப்பான், சுத்தி மாட்டினா சோலி முடிஞ்சுது. சிலவன் கண்ணி கண்ணியாக் குடுப்பான். 192-ஐயும் நீதான் கோக்கணும். இந்தச் சக்கரத்தால நெச வண்டியில ஜெர்மன் மெக்கானிக்கே அழுதிருக்கான். உள்பக்கச் சக்கரம் ஒண்ணு போச்சுன்னா, அதுக்கு வெளிய உள்ளதை எல்லாம் கழட்டணும். ரஷ்யக் குளிர்ல சக்கரத்துக்கு நடுவுல அப்பின சேறு ராத்திரியோட ஒறைஞ்சு போயி, விடிஞ்சா வண்டி நகராது. 57 டன் ராட்சசன், சேத்துக்குப் பயந்து நிப்பான். ரயில்ல ஏத்தணும்னா வெளி வரிசைச் சக்கரத்தைக் கழட்டிட்டு, அகலம் கொறைஞ்ச வேற செயினை மாட்டணும். நீ சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டு மணி நேரம் உக்காந்தா முடிஞ்சிரும்னு சொல்லுதே. சொல்லு, சொல்லு. கேக்க நல்லாத்தான் இருக்கு.

டப்பா மேல படம் அருமையா இருக்கும். தமியாவோட அந்த மொத பாந்தருக்குப் படம் வரைஞ்ச கொமாட்சுசாகி லேசுப்பட்ட கை இல்ல. ஆனா படத்தையா ஒட்டப் போறே? பழைய அச்சுல வார்த்ததையே புதுப் படம் போட்டு விப்பானுக. அச்சு எந்த வருசத்துதுன்னு விசாரி. 1970-கள்ல வந்ததா இருந்தா, அடித்தட்டைக் கவுத்துப் பாரு. பல கிட்டுல மோட்டாருக்கும் சுவிட்சுக்கும் விட்ட ஓட்டை அப்படியே இருக்கும். செயினுக்கு மேல தட்டே வச்சிருக்க மாட்டான். கீழேருந்து அண்ணாந்து பாத்தா டேங்கோட வயிறு தெரியும். ஆனா அதைக் கேவலமா நெனைக்காதே. துண்டு கொறைவு, சட்டுச் சட்டுன்னு சேரும். புதுசா ஒட்டப் பழகுற கைக்கு அதுதான் மரியாதை.

இந்தப் பக்கம் சீனாக்காரன் ரை ஃபீல்டு, தாகோம்னு வந்து, உள்சாமானும் சேத்தே குடுக்கான். எஞ்சின், கியர்பாக்ஸ், டிரைவர் சீட்டு, குண்டு அடுக்குற பெட்டி. டைகருக்குள்ள 92 பீரங்கிக் குண்டு போகும். ஒவ்வொண்ணுக்கும் நீ வண்ணம் அடிக்கணும். அடிச்சு, அடுக்கி, மேல்தகட்டை வச்சு மூடிருவே. பந்திக்கே வராதவனுக்கு எலை போட்டுப் பதினாறு வகை பரிமாறின கதை. தொறந்தே வைக்கேன்ம்பே. வையி, தூசி குடியேறட்டும். கூடவே பித்தளைத் தகட்டுல அரிச்செடுத்த சன்ன சாமான் வரும், கொக்கின்னும் வலைன்னும். இடுக்கியிலேருந்து தெறிச்சதுன்னா அப்புறம் தரையில நீ தவழணும். 'துண்டு ஆயிரத்துக்கு மேல'ன்னு டப்பாவுல எழுதியிருந்தா பெருமைப்படாதே. ஃபேக்டரிக்காரன் தான் செய்ய வேண்டிய வேலையை உன் தலையில கட்டி, அதுக்குக் கூலியும் உங்கிட்டேயே வாங்குதான்.

தேதியும் பாக்கணும். மேல கோடு கோடா காரை பூசின மாதிரி ஒரு டைகர் இருக்கும். அதுக்குப் பேரு சிம்மரிட். காந்த வெடி இரும்புல ஒட்டக்கூடாதுன்னு 1943 பிற்பாதியிலேருந்து 1944 செப்டம்பர் வரைக்கும் ஃபேக்டரில பூசி அனுப்பினான். கூத்து என்னன்னா, காந்த வெடியைப் பெருசாக் கையாண்டவனே ஜெர்மன்காரன்தான். தன் மடியில இருக்கிறது எதிரி மடியிலயும் இருக்கும்னு பயம். 1943 ஏப்ரல்ல துனீசியாவுல இங்கிலீஷ்காரன் உயிரோட பிடிச்சானே 131-ஆம் நம்பர் டைகர், இங்கிலாந்துல போவிங்டன் மியூசியத்துல இன்னைக்கும் ஓடிக்கிட்டு, 'ஃபியூரி' படத்துல நடிக்கவும் செஞ்சுதே, அதைச் செய்யப் போறேன்னா இந்தப் பூச்சு இருக்கவே கூடாது. பூசிட்டேன்னு வையி, ரிவெட் எண்ணுற பயலுக உன் வீட்டு வாசல்ல வந்து நிப்பானுக.

எம்பேச்சைக் கேளு, டி-34 வாங்கு. ஒரு பக்கத்துக்கு அஞ்சே அஞ்சு சோடிச் சக்கரம். ஜெர்மன்காரன் நெருங்கி வந்தான்னு 1941-ல கார்கோவ் ஃபேக்டரியையே பேத்து ரயில்ல ஏத்தி, யூரல் மலைக்கு அந்தாண்ட நிஷ்னி தகில்ல எறக்கி, அங்க வச்சு டேங்க் செஞ்சானுக. அந்த அவசரத்துல அழகு பாக்க யாருக்கு நேரம்? வார்ப்பு கரடு முரடு, வெல்டிங் கோணல். ரப்பருக்குத் தட்டுப்பாடு, அதனால ஒரே வண்டியில ரப்பர் போட்ட சக்கரமும் வெறும் இரும்புச் சக்கரமும் கலந்து கெடக்கும். பச்சை ஒரே வண்ணம். குளிர் வந்தா மேல சுண்ணாம்பைத் தொடப்பத்தால அடிச்ச மாதிரி வெள்ளை. ஆக, நீ கோணலா ஒட்டினாலும், பசையை வழிய விட்டாலும், பிரஷ் கோடு தெரிஞ்சாலும் தைரியமாச் சொல்லு: 'வரலாறு அப்படி.' எவனும் வாயத் தொறக்க மாட்டான். அதுவும் மலைப்பா இருந்தா ஹெட்சர்னு ஒண்ணு உண்டு. பக்கத்துக்கு நாலு சக்கரம், சுத்துற கோபுரமே கெடையாது. சோம்பேறிக்குன்னே ஜெர்மன்காரன் செஞ்சு வச்சிருக்கான்.

இவ்வளவும் சொல்லி, நீ டைகர்தான் வாங்குவே. வாங்கு. வாங்குறதுதான் வாங்குதே, அச்சு புதுசாப் பாத்து, கண்ணி தனித்தனியாப் பாத்து, உள்சாமான் முழுக்க உள்ளதா, அந்த ரை ஃபீல்டுக்காரனோடதாவே வாங்கு. வெலையைப் பாக்காதே, சம்பாதிக்கிற பய. ஒண்ணு ரெண்டு சனிக்கிழமை போகட்டும். பாதிச் சக்கரத்தை வெட்டிட்டு டப்பாவைப் பரண்ல ஏத்துவே பாரு, அப்ப கோவத்துல எதையும் தூக்கிப் போட்டிராதே. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது கார் டிக்கியில வச்சுக் கொண்டாந்திரு. மிச்சச் சக்கரத்தை நான் பாத்துக்கிடுதேன். வரும்போது நல்ல நிப்பர் ஒண்ணையும் எடுத்துக்கோ, இங்க கெடைக்கிறது ஒண்ணும் வெட்ட மாட்டேங்கு.