நாற்பது நாளில் பரிசுத்தவான் ஆவது எப்படி?

முப்பது நாளில் இந்தி கற்றுக்கொடுக்கும் புத்தகங்கள் பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்கிய காலத்தில் வளர்ந்தவன் நான். எனக்கு இந்தி வரவில்லை. ஆனால் எதையும் நாள் கணக்கு வைத்து முடித்துவிடலாம் என்ற நம்பிக்கை மட்டும் ஒட்டிக்கொண்டது. திருநெல்வேலிப் பக்கத்துச் சபை ஒன்றில் ஐம்பது வருஷம் பெஞ்சு தேய்த்தவன் என்ற ஒரே தகுதியை வைத்துக்கொண்டு, ஆவிக்குரிய வளர்ச்சியில் அவசரமுள்ள தம்பி தங்கச்சிமாருக்காக இந்தக் கையேட்டை எழுதுகிறேன்.

லெந்து காலத்தில் ஆரம்பிப்பது நல்லது. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை வரை எண்ணினால் 46 நாள் வரும். ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால்தான் 40. இந்தக் கணக்கை மனப்பாடமாக வைத்திருங்கள். ஞாயிறு மதியம் அத்தை வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கும்போது கைகொடுக்கும்.

முதல் வேலை, நாம் விட்டுவிட வேண்டிய உலகம் எது என்று தீர்மானிப்பது. பலர் சறுக்குவது இங்கேதான். நாம் ஏற்கெனவே விட்டுவிட்டதும், நமக்கு வயதாகி முடியாமல் போனதும், அடுத்த வீட்டுப் பிள்ளை செய்வதும்தான் உலகம். தாத்தா காலத்தில் அது சினிமாக் கொட்டகையில் இருந்தது. அப்பா காலத்தில் டிவிப் பெட்டிக்குள் வந்தது. இப்போது வாலிபர்களின் செல்போனில் இருக்கிறது. என்னுடைய செல்போனில் இல்லை, அதில் தினமும் வாக்குத்தத்த வசனம் வருகிறது. பையன்கள் நீளமாக முடி வளர்ப்பது உலகப்பிரகாரமானது என்ற வெளிச்சமும் எனக்கு என் தலை வழுக்கையான பிறகுதான் கிடைத்தது.

இந்த உலகப் பட்டியலில் சேர்க்கக் கூடாதவையும் உண்டு. வட்டிக்குக் கொடுத்த பணம், அண்ணன் தம்பிக்குள் நடக்கும் வரப்புத் தகராறு, சம்பந்தி வீட்டிலிருந்து வந்து வாசலில் நிற்கும் கார். கார் விஷயத்தில் கவலையே வேண்டாம். நாம் கேட்கவில்லை, அவர்களாகப் பார்த்துச் செய்தார்கள். பின்பக்கக் கண்ணாடியில் ஒரு வசன ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் அது சாட்சியாகிவிடும். பெண் தேடும்போது விளம்பரத்தில் 'இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற பெண் தேவை' என்று முதலில் போட்டுவிட்டு, சாதியை மூன்றாவது வார்த்தையாகச் சேர்க்கலாம். முதல் வார்த்தையாகப் போட்டால்தான் அது உலகம்.

நகை பற்றி ஒரு வார்த்தை. நூறு வருஷத்துக்கும் முன்பு மிஷனரி ஏமி கார்மைக்கேலோடு திருநெல்வேலிக் கிராமங்களில் நடந்த தமிழ்ப் பெண்கள் நகையைக் கழற்றியபோது, சொந்தபந்தமே முகம் சுளித்தது. வெறுங்கழுத்தோடு தெருவில் நடப்பது அன்றைக்கு மானப் பிரச்சினை. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கழற்றியதை பேங்க் லாக்கரில் வைத்துவிட்டு, கழற்றிய விவரத்தைக் கூட்டத்தில் சாட்சியாகச் சொன்னால் போதும். எத்தனை பவுன் என்பதையும் சேர்த்துச் சொன்னால் கேட்பவர்களுக்கு அதிக பக்திவிருத்தி உண்டாகும்.

அடுத்தது உபவாசம். உபவாசம் இருக்கிறவன் முகத்தைக் கழுவி, தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும் என்று ஆண்டவர் சொன்ன பகுதி மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் வருகிறது. சங்கடம் என்னவென்றால், பல சபைகளில் சாம்பல் புதன் அன்றைக்கே அதைத்தான் பாடமாக வாசிக்கிறார்கள். அந்த ஐந்து நிமிஷம் பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருங்கள். பிறகு வேலை செய்யும் இடத்தில் யாராவது காபி நீட்டினால் வேண்டாம் என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். லேசாகச் சிரித்து, "இல்லீங்க, இன்னைக்கு…" என்று இழுத்து விடுங்கள். மீதியை அவர்களே கேட்பார்கள்.

இனி இந்தக் கையேட்டின் உயிர்நாடிக்கு வருகிறேன். புறங்கூறுதல் பாவம், அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. அப்படியானால் மேலத்தெருவில் நடந்ததை கீழத்தெருவுக்கு எப்படிக் கொண்டுசேர்ப்பது? அதற்கென்றே ஆண்டவர் கிருபையாகத் தந்திருப்பதுதான் ஜெபக் குறிப்பு. வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து, காராசேவும் டீயும் வரும் நேரம் பொருத்தமானது. குரலைத் தாழ்த்த வேண்டும். "அக்கா, நான் யார்கிட்டயும் சொல்லல. பாரம் தாங்க முடியாம உங்ககிட்ட மட்டும் சொல்றேன்" என்று தொடங்க வேண்டும். நடுவில் இரண்டு இடத்தில் பெருமூச்சு. அந்தப் பெண் எத்தனை மணிக்கு எந்த பஸ்ஸிலிருந்து இறங்கினாள், கூட வந்த பையன் என்ன கலர் சட்டை போட்டிருந்தான் என்ற விவரம் எதையும் விட்டுவிடக் கூடாது. குறிப்பாக ஜெபிக்க வேண்டும் அல்லவா? கடைசியில் "ஜெபத்துல வச்சுக்கோங்க" என்று முடித்தால், சொன்னவருக்கும் பாவமில்லை, கேட்டவருக்கும் பாவமில்லை. டீ ஆறுவதற்குள் விஷயம் ஏழு வீடு தாண்டியிருக்கும். எங்கள் ஊரில் ஒரு ஜெபக் குறிப்பு வெள்ளிக்கிழமை இரவு புறப்பட்டு, ஞாயிறு காலை ஆராதனைக்கு முன்பே சம்பந்தப்பட்ட பெண்ணின் தகப்பனார் காதுக்குத் திரும்பிவந்தது. அவர் அதன் பிறகு கோயிலுக்கு வருவதில்லை. அவருக்காகவும் ஜெபித்தோம்.

உலகத்தை ஒரேயடியாக விட்டு ஓடினால் என்ன என்று சிலர் கேட்கலாம். ஓடிப் பார்த்தவர்கள் உண்டு. ஐந்தாம் நூற்றாண்டில் சிரியா நாட்டு சிமியோன் தன்னைத் தொட்டுப் பார்க்க வரும் கூட்டத்துக்குத் தப்ப ஒரு தூண் மேல் ஏறினார். கூட்டம் கூடியது. தூணை உயர்த்தினார். கூட்டம் இன்னும் கூடியது. முப்பது வருஷத்துக்கு மேல் அங்கேயே நின்று, 459இல் இறந்தார். அவர் தலை வணங்கி எழுவதை ஒரு ஆள் கீழே நின்று எண்ணியிருக்கிறார். 1244 வரை எண்ணிவிட்டுக் களைத்து விட்டுவிட்டார் என்று அவரை நேரில் அறிந்த தியோடோரெட் ஆயர் எழுதிவைத்திருக்கிறார். வந்தவர்கள் அவர் உருவம் பதித்த மண் வில்லைகளை ஊருக்குக் கொண்டுபோனார்கள். நமக்குத் தூண் தேவையில்லை. கீழே நின்று எண்ணுகிறவன்தான் தேவை. அந்த வேலையை இப்போது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்த்துக்கொள்கிறது. விடியற்காலை நாலரைக்கு ஜெபித்ததை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று களைக்காமல் எண்ணிச் சொல்லும்.

சிமியோனை நான் கேலி செய்யவில்லை. பிற்பகலானால் அவர் தூணுக்குக் கீழே நிற்கும் ஏழை எளியவர்களின் வழக்குகளைக் கேட்டுத் தீர்த்துவைப்பார் என்றும் அதே தியோடோரெட் எழுதுகிறார். கையேட்டுக்கு அந்தப் பகுதி உதவாது, விட்டுவிடுவோம்.

அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் காசியன் என்ற துறவி, எகிப்து வனாந்தரத்துப் பெரியவர்களிடம் கேட்டதையெல்லாம் எழுதிவைத்தார். வீண் பெருமையை அந்தப் பெரியவர்கள் வெங்காயத்துக்கு ஒப்பிட்டார்களாம். ஒரு தோலை உரித்தால் உள்ளே இன்னொரு தோல். நல்ல துணி உடுத்தியதால் பெருமை வராவிட்டால், கந்தல் உடுத்தியதால் வரும். நம் ஊரில் வெங்காயம் என்றாலே பெரியார்தான் ஞாபகத்துக்கு வருவார். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கும் முந்தின துறவிகளும் அதே காயில் கை வைத்தது எனக்கு ஆச்சரியம். இதை ஒரு வாலிபர் கூட்டத்தில் சொன்னேன். நல்ல செய்தி என்று நாலு பேர் கை குலுக்கினார்கள். வீடு வரும் வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கடைசியாக, கட்டடம். உலகம் உள்ளே வராமலிருக்கச் சுற்றுச்சுவர் கட்டுவார்கள். அனுபவசாலிகள் சுவரை உள்ளேயே கட்டினார்கள். நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயம் 1872இல் இரண்டு கால்களாகக் கட்டப்பட்டது. ஒரு காலில் ஒரு சாதி, மறு காலில் மற்றவர்கள், இரண்டும் சேரும் இடத்தில் பலிபீடம். கால்சட்டைக் கோயில் என்றே அதற்குப் பெயர் விழுந்தது. இரண்டு பக்கமும் கடவுளைப் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதில்லை. 1910இல் குருவானவர் நடுச்சுவரை இடித்தபோது விவகாரம் கோர்ட்டு வரைக்கும் போனது. எங்கள் சபையில் அப்படியெல்லாம் கிடையாது. நாங்கள் சுவரே கட்டவில்லை. சேகரக் கமிட்டித் தேர்தல் வந்தால் யார் எந்தப் பெஞ்சில் உட்கார வேண்டும் என்பது சுவர் இல்லாமலே எல்லாருக்கும் தெரியும்.

இவ்வளவையும் கடைப்பிடித்தால் நாற்பதாம் நாள் முகத்தில் ஒரு வித்தியாசம் தெரியும். இனி எச்சரிக்கை ஒன்று. எல்லா முயற்சியையும் கெடுக்கும் ஆட்கள் சபையில் ஒருவர் இருவராவது இருப்பார்கள். எங்கள் கோயில்குட்டி அப்படிப்பட்டவர். மணி அடித்து, பெருக்கி, விளக்கு போடுவது அவர் வேலை. சாயங்காலமானால் டிவி சீரியல் பார்க்கிறார், அதுவும் மறைக்காமல். கூட்டத்தில் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் செருப்பு அடுக்கப் போய்விடுவார். போன தேர்தலில் தோற்ற அணிக்காரர் வீட்டுப் பாட்டி படுக்கையில் விழுந்தபோது, ஜெயித்தவர்கள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. இவர் மட்டும் மூன்று மாதமாகத் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோனார். எங்களுக்கே பாட்டி அடக்கத்தன்றுதான் தெரியும். இப்படிப்பட்டவர்களோடு நெருங்கிப் பழகினால், நாற்பது நாளில் சேர்த்தது நாலு நிமிஷத்தில் கரைந்துவிடும்.

ஆனாலும் ஆய்வு முழுமையாக இருக்கட்டுமே என்று போன பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி ஆராதனை முடிந்ததும் அவரைப் பிடித்தேன். "உங்க ஆவிக்குரிய ஜீவியம் எப்படிப் போகுது?" என்று கேட்டேன்.

துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"மணிக்கயிறு இத்துப்போச்சு ஐயா. ஈஸ்டருக்குள்ள மாத்தணும். நீங்க கமிட்டிலதான இருக்கீங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க."